கிணறு கட்டிய தேசிகரும் மதில் கட்டிய பென்ஃபீல்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு மெதுவாகப் படியுங்கள்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் என் பழைய மாணவர்கள் அனுப்பும் செய்திகளில் பாதி இப்போதெல்லாம் ஒரே கேள்விதான். "சார், ஊர்ல வீடு கட்டப்போறேன். மூணு பேர் ரேட் குடுத்திருக்காங்க. யாருக்குக் குடுக்கலாம்?" சிமெண்டைப் பற்றி வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் என்ன சொல்வது? ஆனால் இந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அது எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருட வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஒரே கையெழுத்தில் இன்னொருவரிடம் ஒப்படைக்கிறீர்கள். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இதைப் படித்துவிடுவது நல்லது.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். திருவந்திபுரத்தில் சுவாமி தேசிகரின் திருமாளிகையில் இருக்கும் கிணறு உங்களுக்குத் தெரியும். 'சர்வதந்த்ர சுதந்திரர்', அதாவது எல்லாக் கலையும் கைவந்தவர் என்ற பட்டம் அவருக்கு உண்டு. "அப்படியானால் கிணறு கட்டத் தெரியுமா?" என்று ஒரு கொத்தனார் சவால் விட்டாராம். ஒழுங்கில்லாத செங்கற்களைக் கொடுத்தாராம். தேசிகர் அதை வைத்தே கிணற்றைக் கட்டி முடித்தார் என்பது ஊர் வழக்கு. சொந்தக்காரர், வரைபடம் போடுபவர், கட்டுபவர், மூவரும் ஒரே ஆள். அப்படி இருந்தால் ஒப்பந்தமும் வேண்டாம், சண்டையும் வராது. நாம் தேசிகர் இல்லையே. நமக்கு இன்னொருவர் கட்டித்தர வேண்டும். அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

பத்தாம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். குடவோலை என்றதும் நீங்கள் எல்லோரும் 'தேர்தல்' என்று எழுதி மதிப்பெண் வாங்கினீர்கள். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. அதில் ஏரி வாரியம் உண்டு. ஏரிக்கரையை, மதகைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! மச்சானுக்கே கான்ட்ராக்ட் கொடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு இந்த வரியைக் காணிக்கையாக்குகிறேன். (மச்சான் கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்கைக் காட்டினால் போதும்.)

அடுத்து கம்பெனி காலம். தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பலருக்கு அங்கிருந்த புனித டேவிட் கோட்டையின் பெயரே நினைவில்லை. அந்தக் கோட்டையைப் பலப்படுத்த 1750இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியவர் சாதாரண ஆள் அல்ல. பெஞ்சமின் ராபின்ஸ். கணிதமேதை. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஊசல் வைத்து அளக்கும் முறையைக் கண்டவர். கோட்டைகளுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதே, 1751 ஜூலையில், இங்கேயே இறந்துபோனார். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

ராபின்ஸ் சம்பளத்துக்குத் திட்டம் போட்டவர். அவருக்குப் பின் சென்னைக்கு வந்த பால் பென்ஃபீல்டு வேறு ரகம். கம்பெனியின் பொறியாளராக வந்து, பிறகு தானே கட்டுமான ஒப்பந்தக்காரராக மாறினார். கோட்டை வேலைகளும், 1769 வாக்கில் தொடங்கிய கருப்பர் நகர மதில் வேலையும் அவர் கைக்கு வந்தன. நேற்றுவரை கம்பெனி பக்கம் நின்று கல்லையும் சுண்ணாம்பையும் அளந்தவர், இன்று அதே கம்பெனியிடம் பில் போடுகிறார். சேர்ந்த பணத்தை ஆற்காடு நவாபுக்கு வட்டிக்கு விட்டுக் கொழுத்தார். அந்தக் கடன் விவகாரம் லண்டன் பாராளுமன்றம்வரை போய், 1785இல் எட்மண்ட் பர்க் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். மதில் செலவுக்கு ஊர் மக்களிடம் வரி போடக் கம்பெனி நினைத்தது. அந்த நினைப்பின் மிச்சம்தான் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து வால்டாக்ஸ் சாலை. ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பேசும்போது ஒரு நிமிடம் பென்ஃபீல்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பென்ஃபீல்டு பெரிய பணக்காரராகத் திரிந்த அதே பத்தாண்டில், 1788இல், லண்டனில் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் தன் தொழிலுக்கு ஓர் எல்லை வகுத்தார். கட்டடக் கலைஞர் என்பவர் கட்டச் சொன்னவருக்கும் கட்டும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவர். ஒருவருடைய நலனையும் இன்னொருவருடைய உரிமையையும் காக்க வேண்டியவர். அப்படிப்பட்டவர் தானே ஒப்பந்தக்காரராகவும் இருப்பது எப்படிப் பொருந்தும் என்பது அவர் கேள்வி. என் கணக்கில் இந்த விஷயம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அளப்பவரும் கட்டுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

நம் பக்கம் இந்தப் பிரிவு மெல்ல வந்தது. 1854இல் டல்ஹவுசி பொதுப்பணித் துறையை ஏற்படுத்தினார். பத்து வருடம் கழித்து, 1864இல், சென்னை அரசாங்கம் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் இல்லத்துக்கும் வரைபடங்களைப் போட்டிக்கு அழைத்தது. வென்றவர் ராபர்ட் சிஷோம் என்ற இளைஞர். அப்போது கல்கத்தா பக்கம் வேலையில் இருந்தார். போட்டி வரைபடத்துக்குத்தான், விலைக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். என்ன கட்டுவது என்பது முதலில் முடிவாக வேண்டும். எவ்வளவுக்கு என்பது அப்புறம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். வரைபடம் முடியும் முன்பே "சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறோம்.

அந்தக் காலத்துச் சென்னையில் கட்டுபவர் பக்கம் நின்ற பெரிய பெயர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். சிஷோம் வரைந்த விக்டோரியா பொதுக்கூடம் அவர் கட்டியது. உயர் நீதிமன்றக் கதை இன்னும் சுவையானது. பிராசிங்டன் தொடங்கிய வரைபடம் ஹென்றி இர்வின் கைக்குப் போனது. உதவிக்கு ஸ்டீபன்ஸ் இருந்தார். மூன்று பேர் கைபட்ட வரைபடம். கட்டிய ஒப்பந்தக்காரர் மட்டும் ஒருவரே, நம்பெருமாள் செட்டியார். 1892இல் கட்டடம் திறக்கப்பட்டபோது செலவு சுமார் 13 லட்சம். இர்வின் போனது மைசூர் அரண்மனைக்கு. செட்டியார் சேத்துப்பட்டில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். 1920 ஏப்ரலில் இராமானுஜன் கடைசி மூச்சை விட்டது அவருடைய வீடு ஒன்றில்தான். கணித வாத்தியார் நண்பர்களுக்காக இந்தத் தகவல்.

சரி, உங்கள் மூன்று ரேட்டுகளுக்கு வருவோம்.

நம்மூர் கல்யாண ஊர். முகூர்த்த நாளில் மலையடிவாரத்தில் நடக்கக்கூட இடமிருக்காது. சமையல்காரரிடம் 'இலைக்கு எவ்வளவு' என்று பேசுகிறோம். மெனு எழுதாமல் யாராவது பேசுவார்களா? ஒருவர் மூன்று கூட்டு, இரண்டு இனிப்பு, ஐஸ்கிரீம் என்று கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் சாம்பார், ரசம், மோர் என்று போட்டிருப்பார். இரண்டு ரேட்டையும் பக்கத்தில் வைத்து 'இவர் மலிவு' என்றால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள். வீட்டு விஷயத்தில் மட்டும் நாம் மெனு இல்லாமல் பேசுகிறோம். ஆர்க்கிடெக்ட் முதலில் செய்துதருவது அந்த மெனுவைத்தான். என்னென்ன வேலை, எத்தனை கன அடி கான்கிரீட், எத்தனை கிலோ கம்பி, எந்த ரகம் என்று ஒரு பட்டியல். அளவு அவருடையது, விலையை மட்டும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் நிரப்ப வேண்டும். மூவரும் ஒரே தாளில் நிரப்பினால்தான் ஒப்பிட முடியும்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒருவர் 30 லட்சம், இன்னொருவர் 32 லட்சம். முதலாமவர் சுற்றுச்சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் வயரிங்கையும் சேர்க்கவே இல்லை. அவை மூன்றரை லட்சம் என்றால் அவர் விலை 33 லட்சத்து 50 ஆயிரம். மலிவு எது?

இதைவிட நுணுக்கமான தந்திரம் ஒன்று உண்டு. மொத்தம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மண்வேலைக்கும் அஸ்திவாரத்துக்கும் விலை கூடுதலாகவும், பூச்சுக்கும் டைல்ஸுக்கும் குறைவாகவும் போட்டிருப்பார். வேலை பேஸ்மட்டம் தாண்டும்போதே உங்கள் பணத்தில் பெரும்பகுதி போயிருக்கும். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்காவிட்டால், மீதிப் பணத்தில் மீதி வேலையை முடிக்க யாரும் வரமாட்டார்கள். பாதியில் நிற்கும் வீடுகளைப் பார்த்து 'ராசி இல்லாத மனை' என்கிறோம். மனை என்ன செய்யும்? வரிவரியாக விலையைப் பார்க்கத் தெரிந்தவர் இதை அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார்.

நம் கடலூருக்கென்று தனியாக ஒன்று. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு பக்கமெல்லாம் நிலத்தடி நீரில் உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில வருடங்களில் கூரைக் காரை பெயரும். எந்தத் தண்ணீர், கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் மூடல் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாவிட்டால், குறைந்த விலை கேட்டவர் அந்த விலையை எங்கே ஈடுகட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது கூரைகள் என்ன பாடுபட்டன என்பது இங்கிருந்தவர்களுக்கு மறந்திருக்காது.

அரசு வேலைகளுக்கு 1998இல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. தனி ஆள் கட்டும் வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972ஆம் வருடச் சட்டம் உண்டு. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. விலைகளை வரவழைப்பது, ஆராய்வது, யாரை நியமிக்கலாம் என்று ஆலோசனை சொல்வது எல்லாம் அவர்கள் பணிகளில் ஒரு தனிக் கட்டமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தை நிர்வகிக்கும்போது இரு தரப்புக்கும் நடுநிலையாக நடக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய ஒழுக்க விதி. சோன் சொன்னதுதான், சட்டமாக. கட்டிய அளவைப் பார்த்து அவர் சான்று கொடுத்த பிறகு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறு பங்கைப் பிடித்துவைத்து, ஓர் ஐப்பசி கார்த்திகை மழை தாண்டியபின் விடுவிக்கிறீர்கள். ஒப்பந்தக்காரரும் இதில் பாதுகாக்கப்படுகிறார். பாதியில் ஜன்னலை மாற்றச் சொல்லிவிட்டுக் காசு தராத வீட்டுக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்களே!

ஆனால் தேர்ந்தெடுப்பதும் கையெழுத்திடுவதும் நீங்கள்தான். அவர் ஆலோசகர். கடைசி வார்த்தையை அவர் தலையில் கட்ட முடியாது.

இவ்வளவு காகிதம் எதற்கு என்பவர்களுக்கு அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டுவேன். கட்டத் தொடங்கியவர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1953இல் வேலை ஆரம்பம். 1954இல் சிங்கப்பூரில் விமான விபத்தில் அவர் இறந்தார். 1956இல் காப்பீடு நாட்டுடைமையானது. கட்டடத்தின் சொந்தக்காரரே மாறிவிட்டார். 1957இல் லண்டன் கட்டடக் கலைஞர் பிரவுனும் விலகினார். எல்.எம். சித்தாலே பொறுப்பேற்றார். கட்டியது கோரமண்டல் இன்ஜினியரிங். இத்தனை தலைகள் மாறியும் 1959 ஆகஸ்டில் 177 அடி உயரக் கட்டடம் திறக்கப்பட்டது. யார் என்ன செய்ய வேண்டும் என்பது நினைவில் இல்லாமல் தாளில் இருந்ததால்தான் இது முடிந்தது என்பது என் எண்ணம்.

வீடு முழுவதற்கும் ஆர்க்கிடெக்ட் கட்டணம் கட்டுப்படியாகாது என்பவர்கள், அளவுப் பட்டியல் போடவும் மூன்று விலைகளை ஒப்பிடவும் மட்டுமாவது செய்துதருவாரா என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் சொல்லி அனுப்பிய ஆளாக மட்டும் இருக்கக்கூடாது.