லடாக் ட்ரெக்கிங் போறீங்களா? உயர நோய் ஆபத்து உங்களுக்கு எவ்வளவு? டிக்கெட் போடும் முன் 3 கேள்விகள்

டெல்லியில் விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் லே. அங்கே உயரம் ஏறக்குறைய 3,500 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். இவ்வளவு வேகமாக மேலே போவதுதான் 'ஆல்டிட்யூட் சிக்னஸ்' எனப்படும் உயர நோய்க்கு முக்கியக் காரணம்.

ஏன் வருகிறது?

மலை மேலேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. லேயில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். இதற்குப் பழக உடலுக்குச் சில நாட்கள் தேவை.

உங்களுக்கு ஆபத்து எவ்வளவு?

1. முன்பு வந்திருக்கிறதா? வந்தவர்களுக்கு மீண்டும் வர வாய்ப்பு அதிகம். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்த்த அனுபவம் இருந்தால் ஆபத்து மிக அதிகம்.

2. முதல் இரவு எங்கே தூங்குகிறீர்கள்? முன்பு வராதவர்களுக்கு 2,800 மீட்டர் வரை ஆபத்து குறைவு. ஒரே நாளில் அதைத் தாண்டினால் நடுத்தரம். 3,500-ஐத் தாண்டினால் அதிகம். லே விமானப் பயணம் இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது.

3. அடுத்த நாட்களின் திட்டம் என்ன? 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. 3, 4 நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். இரண்டாம் நாளே 4,200 மீட்டருக்கு மேல் உள்ள பாங்காங் ஏரியில் தங்க வைக்கும் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம்.

'நான் தினமும் ஜிம் போறேன், ஒண்ணும் ஆகாது' என்பவரா?

உடற்தகுதி இந்த நோயைத் தடுக்காது. வேகமாக ஏற முடிவதால் ஃபிட்டானவர்களும் மாட்டிக்கொள்வது உண்டு. ஊரில் ஆக்ஸிமீட்டர் 99 காட்டுவதும் உத்தரவாதம் இல்லை. இதய, நுரையீரல் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை போட்டால் போதுமா?

அசிட்டசோலமைடு மாத்திரை ஆபத்தைக் குறைக்கும். வழக்கமாக ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எப்போது இறங்க வேண்டும்?

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல் இருந்தால் மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் எல்லாம் உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். 'காலையில் பார்த்துக்கலாம்' என்று விடக் கூடாது. உடனே கீழே இறக்குங்கள். அவரைத் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.