சந்திரன் பெயர் கொண்ட சத்து

ஸ்வீடன் நாட்டில் கிரிப்ஸ்ஹோல்ம் என்னும் ஊரில் கந்தக அமிலத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ரசாயன மேதை பெர்ஸீலியஸ் அதில் ஒரு கூட்டாளி. ஃபாலூன் சுரங்கத்துக் கந்தகத்தை எரிக்கும்போது அடியில் செந்நிற வண்டல் படிவதை 1817-ல் அவர் ஆராய்ந்தார். டெல்லூரியமோ என்று முதலில் எண்ணினார். பிறகு, அது புதிய மூலகம் என்று தெளிந்தது. டெல்லூரியம் பூமியின் பெயரைத் தாங்கியது. ஆகவே அதன் உடன்பிறப்புக்குக் கிரேக்கரின் சந்திர தேவதை பெயரைச் சூட்டி, 'செலினியம்' என்றார்.

சந்திரனைப் போலவே இதற்கும் இரண்டு பட்சம் உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மாடுகளும் குதிரைகளும் மயிர் உதிர்ந்து, குளம்பு கெட்டு மாண்டன. மேய்ந்த பயிரில் மிகுந்திருந்த செலினியமே காரணம் என்று 1930-களில் கண்டார்கள். விஷம் என்று முத்திரை விழுந்தது. ஆனால் 1957-ல் க்ளாஸ் ஷ்வார்ட்ஸ் என்ற விஞ்ஞானி, எலிகளின் ஈரல் கெடாமல் காப்பதும் இதே செலினியந்தான் என்று காட்டினார். அளவு மிஞ்சினால் நஞ்சு, அணுவளவு அமிர்தம்!

அந்த அமிர்தத்தின் மகிமை சீனாவில் தெரிந்தது. வடகிழக்கே கேஷான் வட்டாரத்தில் 1935-ல் இருதயத்தைத் தாக்கிய ஒரு கொடிய நோய் பரவியது. குழந்தைகளும் தாய்மார்களுமே பெரும்பாலும் பலியானார்கள். அந்நோய் கண்ட பகுதிகளில் மண்ணிலே செலினியம் மிகக் குறைவு. மண்ணில் இல்லாதது சோற்றுக்கு எங்கிருந்து வரும்? 1974-ல் ஸிச்சுவான் மாகாணத்துக் குழந்தைகளுக்கு வாரம் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. 1976-ல் வெற்று மாத்திரை கொடுப்பதையே நிறுத்திவிட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள்.

இவ்வளவு கண்ட பிறகு டாக்டர்களுக்கு வேறோர் ஆசை பிறந்ததில் வியப்பில்லை. கிருமித் தொற்றை எதிர்க்கும் உடலின் எதிர்வினையே கட்டுமீறி உடலைக் கெடுக்கும் 'செப்ஸிஸ்' என்ற நிலையில், நோயாளியின் ரத்தத்தில் செலினியம் தாழ்ந்து கிடக்கிறது. அதை ஊசி மூலம் ஏற்றினால் உயிர் பிழைக்காதா? ஜெர்மனியில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2007-ல் நம்பிக்கை ஊட்டியது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் சுமார் 250 பேர்தான்.

பிறகு அதே நாட்டில் 33 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,089 நோயாளிகளைக் கொண்டு பெரிய சோதனை நடந்தது. ஆரோக்கியமானவருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதும். இவர்களில் ஒரு பாதிப் பேருக்கு 1,000 மைக்ரோகிராம் ஏற்றினார்கள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 28.3, பெறாதவர்களில் 25.5. தற்செயலாகவே நேரக்கூடிய வித்தியாசம் அது. மருந்தால் பலன் இல்லை என்பதே பொருள். அவ்வாண்டின் சர்வதேச சிகிச்சை நெறிமுறையும் இந்த ஊசி வேண்டாம் என்றே ஆலோசனை கூறியது.

ஸிச்சுவான் குழந்தைக்குப் பானையிலே குறை. நிரப்பியதும் நோய் விலகியது. செப்ஸிஸ் நோயாளிக்கோ ரத்தத்தில் காணும் குறை, உள்ளே எரியும் தீயின் நிழலாகவும் இருக்கலாம். நிழலுக்கு மருந்திட்டால் தீ அணைவதில்லை. இதைச் சொல்ல, உயிருக்குப் போராடிய ஆயிரம் பேர் தேவைப்பட்டார்கள்.