ராமேஸ்வரம் உப்புக் காத்தை ஹைபிரிட் கார் தாங்குமா? பேட்டரி ஆயுள் முதல் செலவுக் கணக்கு வரை முழு விவரம்

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. எலெக்ட்ரிக் கார் வாங்கினால் வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் பலரும் யோசிப்பது ஹைபிரிட் கார். ஆனால் ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்கு கூடுதலாக ஒரு கேள்வி இருக்கிறது. இரும்பையே அரிக்கும் இந்த உப்புக் காத்தில், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் பேட்டரி கார் எத்தனை வருஷம் ஓடும்? போட்ட காசு திரும்புமா?

ஹைபிரிட்டில் எத்தனை வகை?

முதலில் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஷோரூமில் 'ஹைபிரிட்' என்று சொல்வதெல்லாம் ஒன்றல்ல.

மைல்டு ஹைபிரிட்: பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு சின்ன மோட்டார் கை கொடுக்கும், அவ்வளவுதான். மோட்டாரில் மட்டும் கார் ஓடாது. சிக்னலில் ஏசி போட்டு நின்றால் பெட்ரோல் மிச்சமாவதும் குறைவு.

ஸ்ட்ராங் ஹைபிரிட்: குறைந்த வேகத்தில் பேட்டரியிலேயே ஓடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றல் மின்சாரமாக மாறி பேட்டரிக்குப் போகும். வெளியே சார்ஜ் போட வேண்டியதில்லை. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடல்கள் 2022-ல் இந்தியாவில் அறிமுகமாகின.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

மேற்சொன்ன நிறுவனங்கள் ஹைபிரிட் பேட்டரிக்குத் தரும் வாரண்டி 8 ஆண்டுகள் அல்லது 1.6 லட்சம் கி.மீ. இதில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு.

வாரண்டி முடிந்த மறுநாளே பேட்டரி செத்துவிடும் என்று அர்த்தம் இல்லை. டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, சுமார் 2,08,000 மைல், அதாவது 3.3 லட்சம் கி.மீ. ஓடிய 2002 மாடல் பிரியஸை 2011-ல் சோதித்தது. கிட்டத்தட்ட புதிதாக இருந்தபோது சோதித்த அதே வகை காரின் மைலேஜுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

காரணம் எளிமையானது. ஹைபிரிட் பேட்டரியை கார் ஒருபோதும் முழுசா நிரப்பாது, முழுசா காலியாக்கவும் விடாது. நடு அளவிலேயே வைத்து ஓட்டும். செல்போன் பேட்டரி போல தினமும் 0-வுக்கும் 100-க்கும் போய் வராததால் தேய்மானம் குறைவு.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. ஜப்பானில் இருந்து வந்த பிரியஸ், ஆக்வா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்கள் அங்கே சாதாரணம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து வருஷம் பழைய கார்களை வைத்தே சமாளித்தார்கள். பேட்டரியைச் சுத்தம் செய்வது, கெட்ட செல்லை மட்டும் மாற்றுவது எல்லாம் அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

உப்புக் காத்து என்ன செய்யும்?

பாம்பன் பகுதியின் அரிப்பு எவ்வளவு கடுமையானது என்பதற்கு ரயில் பாலமே உதாரணம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்பு பெயின்ட்டும் பயன்படுத்த வேண்டியிருந்தது. காரைக்குடி சிக்ரி ஆய்வு நிறுவனம், உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் கள நிலையம் வைத்திருப்பதும் சும்மா இல்லை.

ஹைபிரிட் காரில் பேட்டரி பெரும்பாலும் காருக்குள்ளே, டிக்கிக்குக் கீழோ சீட்டுக்குக் கீழோ இருக்கும். அதனால் உப்பு நேரடியாகப் படுவது குறைவு. கவனிக்க வேண்டியது வேறு மூன்று இடங்கள்.

1. கேபிள் இணைப்புகள்: காருக்கு அடியில் போகும் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த கேபிள்களும் அவற்றின் இணைப்புகளும். கனடாவில் பனியைக் கரைக்க ரோட்டில் போடும் உப்பால், ராவ்4 ஹைபிரிட்டின் பின்பக்க மோட்டாருக்குப் போகும் கேபிள் இணைப்பு அரித்ததாகப் புகார்கள் எழுந்தன. டொயோட்டா வாரண்டியை நீட்டித்தது. இங்கே விற்கும் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பின்பக்க மோட்டார் கிடையாது. ஆனாலும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

2. பிரேக் டிஸ்க்: ஹைபிரிட்டில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் நீண்ட நாள் வரும். ஊரில் எல்லாருக்கும் இது லாபம். கடலோரத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதிகம் உரசாத டிஸ்க்கில் துரு தங்கிவிடும். சர்வீஸில் பேட் தேய்மானத்தை மட்டும் பார்க்காமல் டிஸ்க்கையும் காலிப்பரையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

3. பேட்டரி ஃபேன்: பல மாடல்களில் பேட்டரி, காருக்குள் இருக்கும் ஏசி காத்தை இழுத்துத்தான் குளிர்கிறது. சீட் பக்கத்தில் இருக்கும் அந்த ஜன்னலை பை, துண்டு வைத்து மறைத்தாலோ, தனுஷ்கோடி மணல் போய் அடைத்தாலோ பேட்டரி சூடாகும். பேட்டரியின் ஆயுளைத் தின்பது உப்பைவிட இந்தச் சூடுதான்.

செலவுக் கணக்கு: யாருக்கு லாபம்?

2022 அறிமுகத்தின்போது கிராண்ட் விட்டாராவின் ஆட்டோமேட்டிக் மைல்டு ஹைபிரிட் (ஸீட்டா) ஷோரூம் விலை 15.39 லட்சம். ஸ்ட்ராங் ஹைபிரிட் (ஸீட்டா பிளஸ்) 17.99 லட்சம். வித்தியாசம் 2.60 லட்சம்.

நிறுவனம் சொன்ன மைலேஜ் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97 கி.மீ. நிஜ ரோட்டில் அது குறையும். கணக்குக்காக ஸ்ட்ராங் 21, மைல்டு 15, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மைல்டு: கி.மீ.க்கு சுமார் 6.67 ரூபாய்
ஸ்ட்ராங்: கி.மீ.க்கு சுமார் 4.76 ரூபாய்
மிச்சம்: கி.மீ.க்கு சுமார் 1.90 ரூபாய்

கூடுதலாகப் போட்ட 2.60 லட்சம் திரும்ப வர ஏறக்குறைய 1.37 லட்சம் கி.மீ. ஓட வேண்டும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு 11 வருஷத்துக்கு மேல் ஆகும். அதாவது பேட்டரி வாரண்டி முடிந்த பிறகுதான் லாபமே தொடங்கும்.

ராமேஸ்வரத்துக்கு பக்தர்களை ஏற்றிவந்து மாதம் 3,000 கி.மீ. ஓடும் டாக்ஸிக்கு 3 வருஷம் 10 மாதத்தில் காசு திரும்பிவிடும். ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி. அதே ஓட்டத்தில் 4 வருஷம் 5 மாதத்தில் 1.6 லட்சம் கி.மீ. தொட்டு வாரண்டியும் முடிந்துவிடும். அதற்குள் கையில் நிற்கும் லாபம் சுமார் 44 ஆயிரம் ரூபாய் மட்டுமே. அதன்பிறகு வரும் மிச்சத்தில் ஒரு பங்கை பேட்டரிக்கு என்று ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம். மஞ்சள் போர்டு வண்டி என்றால் வாரண்டி விதிகளை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த ரோடு என்பதும் முக்கியம். மதுரை - ராமநாதபுரம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் ஹைபிரிட்டின் சாதகம் குறையும். கோயில் ரத வீதி, அக்னி தீர்த்தம் பக்கம் நெரிசலில் ஊர்ந்தால் கூடும். இன்ஜின் நின்றாலும் ஏசி ஓடுவது கூடுதல் வசதி.

வரியிலும் பெரிய சலுகை இல்லை. 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைபிரிட் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். எலெக்ட்ரிக் காருக்கு 5 சதவீதம்தான்.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் கவனத்துக்கு

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என இந்தக் கரையில் வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்கள் அதிகம். லீவுக்கு வந்து ஓட்டிவிட்டு, மாதக்கணக்கில் காரை நிறுத்திப் போவது வழக்கம். ஹைபிரிட்டுக்கு இது ஆகாது. பெரிய பேட்டரியோடு தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. அது இறங்கினால் காரே உயிர் பெறாது. பெரிய பேட்டரியும் மெல்ல இறங்கும். வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஓட்டிவருவது நல்லது.

கடலோரத்தில் ஹைபிரிட் வைத்திருந்தால் செய்ய வேண்டியவை

* தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவவும். ஆரஞ்சு கேபிள் இணைப்பில் பிரஷர் வாஷ் நேராக அடிக்கக் கூடாது.
* கடற்கரை மணலில் காரை இறக்க வேண்டாம்.
* பேட்டரி ஃபேன் ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் சுத்தம் செய்யச் சொல்லவும்.
* நிழலில் நிறுத்தவும். ஈரத்தோடு கவர் போட்டு மூட வேண்டாம்.
* ஆரஞ்சு கேபிளைப் பயிற்சி பெறாத மெக்கானிக் தொட விடவே கூடாது. உயிருக்கே ஆபத்து.
* பழைய ஹைபிரிட் வாங்கினால் பேட்டரி பரிசோதனை அறிக்கை, சர்வீஸ் ரெக்கார்டு, அடிப்பாகத் துரு மூன்றையும் பார்க்கவும்.

மொத்தத்தில், உப்புக் காத்தால் மட்டும் ஹைபிரிட்டை ஒதுக்க வேண்டியதில்லை. தினமும் நிறைய ஓட்டம், அதுவும் ஊருக்குள் நெரிசலில் ஓட்டம் என்றால் தாராளமாக யோசிக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் எடுத்து மீதி நாள் ஷெட்டில் நிற்கும் கார் என்றால், சாதாரண பெட்ரோல் காரே செலவு குறைவு.