64 பட்டு இழைகள்



ராசிபுரத்துத் தறி வீடுகளில் பட்டு இழையை எண்ணிப் பழகிய கைகள் பல உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸ்ராவிலும் சிலர் பட்டு இழைகளை எண்ணினர். புடவைக்காக அன்று, இசைக்காக.

இதை மதரஸா ஆசிரியர்களாகிய நாம் பேசலாமா என்று சிலர் வினவக்கூடும். நரம்புக் கருவிகளைப் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் தடுத்தே கூறினர். அத்தீர்ப்பை இங்கே நாம் விவாதிக்கவில்லை. ஆயினும் நம் முன்னோரின் கணித வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பாடம் நடத்த எமக்கு மனம் ஒப்பவில்லை.

இக்வானுஸ் ஸஃபா என்னும் குழுவினர் எழுதிய 52 மடல்களுள், எண்ணியல், வடிவியல், வானியல், புவியியல் ஆகியவற்றை அடுத்து ஐந்தாவதாக வருவது இசை. அங்கே 'ஊத்' என்னும் கருவிக்கு அளவு வகுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பியரின் 'லூட்' இதன் வழி வந்ததே. பெயரும் 'அல்-ஊத்' என்பதன் திரிபே. அதன் நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு. ஆழம் அகலத்தில் பாதி. கழுத்து நீளத்தில் கால் பங்கு.

நரம்புகள் நான்கு. பம் என்னும் தடித்த நரம்புக்கு 64 பட்டு இழைகள், மஸ்லஸுக்கு 48, மஸ்னாவுக்கு 36, மெல்லிய ஸீருக்கு 27. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதில் முக்கால் பங்கு.

சுருதி எங்கே தொடங்குவது? ஸீரை அறாமல் தாங்கும் அளவுக்கு முறுக்க வேண்டும். பின்பு மஸ்னாவின் நீளத்தில் கால் பங்கைச் சுண்டுவிரலால் அழுத்தி மீட்டி, அவ்வொலி திறந்த ஸீருடன் ஒன்றும்வரை மஸ்னாவை முறுக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் இதுவே முறை. கீழ் நரம்பை ஸட்ஜமாகக் கொண்டால் அடுத்தது சுத்த மத்திமம் ஆகும். ஆக, சுருதியை விதித்தது ஏட்டில் எழுதிய எண் அன்று. மெல்லிய நரம்பின் பொறுமையே.

இக்கணக்கில் ஓர் இடறலும் உண்டு. நீளமும் பொருளும் ஒன்றாக இருக்க, இழைகளை முக்காலாகக் குறைத்து இவ்வாறு சுருதி கூட்டினால் நரம்புகளின் இழுவிசை சமமாகாது. ஸீர் பம்மைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு இழுபடும். இழை எண்ணிக்கைக்குப் பதில் விட்டத்தை முக்காலாக்கியிருந்தால் நான்கும் சமமாக நின்றிருக்கும். அவர்களுக்கு முன்பே பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி தடித்த இரண்டுக்குக் குடல் நரம்பும் மெல்லிய இரண்டுக்குப் பட்டும் கூறினார். மெல்லிய குடல் அந்த முறுக்கைத் தாங்காது என்பதை அவர் கண்டிருந்தார்.

நம் தஞ்சாவூர் வீணையிலும் இச்சிக்கல் தீர்ந்தபாடில்லை. அதன் நான்கு வாசிப்புத் தந்திகளும் ஸட்ஜம், பஞ்சமம் என மாறி மாறி நிற்கின்றன. கட்டையை மாற்ற விரும்புவோர் பிருடையை மட்டும் திருகினால் போதாது. தந்தியின் கனத்தையும் மாற்றுகின்றனர்.