உப்பு வண்டியில் வளர்ந்த பிள்ளைகள்

வண்டியையே வீடாக்கிக்கொண்டு, கைக்குழந்தையோடு வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போவது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். மோட்டார் ஹோம், கேரவன் என்கிற பெயர்கள் வேண்டுமானால் புதுசு. சங்கப் பாட்டுகளில் வரும் உமணர்களுக்கு, அதாவது உப்பு வணிகர்களுக்கு, அதுதான் பிழைப்பே.

பெரும்பாணாற்றுப்படை எழுதிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார். மேலே புல் வேய்ந்த கூரை. வாசலில் கோழி அடையும் கூடு. குத்துவதற்கு ஒரு சின்ன உரல் கட்டித் தொங்குகிறது, பக்கத்தில் புளித்த காடிப் பானை. ஆண்கள் வேப்பந்தழை மாலை போட்டுக்கொண்டு வண்டி வரிசைக்குக் காவலாக நடந்து வருகிறார்கள். மாட்டை ஓட்டுவது யார் தெரியுமா? கையில் பிள்ளை வைத்திருக்கும் பெண்! உரையெழுதியவர்கள் அணிநலம் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த ஒரு வரித் தகவல்தான் பெரிசாகப் படுகிறது. சமையல், பிள்ளை, வண்டி மூன்றும் அவள் பொறுப்பு.

பிள்ளைகளுக்குப் பொழுது எப்படிப் போச்சு? சிறுபாணாற்றுப்படையில், கொற்கையைச் சொல்லும் இடத்தில் பதில் இருக்கு. வண்டிகளோடு கூடவே வந்த மந்தி ஒன்று, முத்து அடைத்த சிப்பியைக் கிலுகிலுப்பையாக ஆட்டி உமணப் பிள்ளைகளோடு விளையாடுகிறது.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். கிழக்குக் கரையில் விளையும் உப்பு மேற்கே தகடூருக்கு, அதாவது இன்றைய தருமபுரிக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் கல்வராயன் மலை நிற்கிறது. பாரவண்டி அதில் ஏறாது. வடக்கே செங்கம் கணவாய், தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு, இரண்டில் ஒன்று. தெற்கு வழியில்தான் இன்றைக்குச் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை கள்ளக்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. தகடூர் அதியமானின் மகனைப் பாடும்போது (புறநானூறு 102) ஔவையார் உப்பு வண்டியைத்தான் உவமை சொல்கிறார்: பள்ளமோ மேடோ, முன்னால் என்ன வரும் என்று தெரியாததால் வண்டிக்கு அடியில் கட்டி வைத்த சேம அச்சு நீ என்று. நம்ம ஸ்டெப்னி! குழந்தைகளோடு நடுக்காட்டில் அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், உவமையின் கனம் புரியும்.

இந்த மலையிலிருந்து காபி, மிளகுத் தோட்ட வேலைக்குக் கர்நாடகமும் கேரளமும் போகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கும் அது சுற்றுலா இல்லை. கூடப் போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டுப்போகிறது.

உமணர்கள் தங்கிய இடத்தில் விட்டுச்சென்ற அடுப்புக் கற்களில் வில் ஏந்திய காட்டு ஆடவர்கள் கறி சமைத்ததை அகநானூறு சொல்கிறது. பெண்கள் கூட்டிய அடுப்பாகத்தான் இருக்கும்.

கபிலர் பாட்டு (புறநானூறு 116) இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. பறம்பு மலையில் இருந்தபோது, படையெடுத்து வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணிய பாரி மகளிர், அப்பாவை இழந்தபின் ஒரு சிறு குடிலருகே குப்பைமேட்டில் ஏறி, போகிற உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததாகத் திருக்கோவலூர்க் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அந்த ஊர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கு. பெண்ணையாற்றுக்குள் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்றே அங்கே காட்டுகிறார்கள்.