ஒலிபெருக்கியின் சோடி வால்வுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கோயிலுக்குக் கொடியேறிவிட்டதென்பதை அயலூரார் அறிவதற்கு மணியோசையும் பெரிய மேளமும் போதுமாயிருந்த காலம் சென்று, பனை உச்சியிலே கட்டிய கூம்புக் குழல்கள் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிற்பாடு, உற்சவத்தின் கீர்த்தியானது மண்டபத்து மூலையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் கனன்றுகொண்டிருந்த இரண்டு கண்ணாடி வால்வுகளின் தேகசுகத்தைப் பொறுத்ததாயிற்று.

வெளியீட்டு வால்வுகள் இரண்டும் ஏன் சோடியாக அமையவேண்டும் என்பதை வண்டிச் சவாரிக்கு மாடு பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் வண்டி நேரே ஓடாது. நிலைமாற்றிச் சுருளின் இரு பாதிகளிலும் எதிரெதிராய்ப் பாயும் ஓட்டங்கள் சமமாயிருக்குமளவும் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சமத்துவம் கெட்டாலோ, இரும்பு அகணி ஒரு பக்கமாய்க் காந்தமேறி, தவிலின் தொப்பி நாதம் கலங்கும், இரைச்சல் மேலெழும், மிகையான சுமையைத் தாங்கும் வால்வின் அனோட்டு செக்கச்சிவந்து, அதன் ஆயுளும் குறுகும்.

1947ஆம் ஆண்டில் லண்டன் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் வில்லியம்சன் என்பார் வெளியிட்ட பிரசித்தி பெற்ற ஒலிபெருக்கி அமைப்பிலே, கே.டி. 66 வால்வுகள் இரண்டு 15 வாற்று வழங்கின. மொத்த ஓட்டத்தை 125 மில்லியம்பியருக்குக் கொண்டுவர ஒரு திருகும், அதை இருவருக்கும் சமமாய்ப் பகிர இன்னொரு திருகும் அதில் இருந்தன.

ஆயினும் புதுச் சோடியை வேண்டியபோதெல்லாம் வாங்குவதென்பது வால்வு தாராளமாய்க் கிடைக்கும் தேசத்துக்கே உரிய சௌகரியம். 1970 முதல் 1977 வரை இலங்கையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட குடாநாட்டு விவசாயி சுபீட்சமடைந்தான் என்பது யாவரும் அறிந்தது. அதே கட்டுப்பாடு றேடியோ திருத்துபவனின் மேசைக்கு அனுகூலமாயிருந்திருக்க நியாயமில்லை. சோடியில் ஒன்று இறந்தால் மற்றதோடு எதைச் சேர்ப்பது?

இத்தகைய நிலையில், என் அபிப்பிராயத்தில், புத்திசாலித்தனமான மார்க்கம் கதோட்டுத் தடையே. ஒவ்வொரு வால்வின் கதோட்டுக்கும் சில நூறு ஓம் தடையொன்றைத் தனித்தனியே இட்டுவிட்டால், ஓட்டம் கூடும்போது தடையில் எழும் வோல்ற்றளவும் கூடி, கிறிட்டை மேலும் எதிர்த்தன்மையாக்கி, அவ்வோட்டத்தைத் தானாகவே அடக்கும். பூரண சமத்துவம் இதனால் வாராது, விபரீதமும் வாராது. அத்தடைக்குப் பதிலாகக் கிறிட்டுக்குத் தனி எதிர்மின் வழங்கியை நாடுபவனுக்கோ இரண்டு இ.எல். 34 வால்வுகளிலிருந்து, 800 வோல்ற்றில், 100 வாற்று வரை கிடைக்கும். ஆனால் அவன் மீற்றரோடு விழித்திருக்கவேண்டும். ஓட்டத்தை அளக்கவென்று கதோட்டடியில் 10 ஓம் தடையிட்டு 0.4 வோல்ற்றைக் கண்டால் 40 மில்லியம்பியர் என்று கொள்ளலாம். 400 வோல்ற்று வழங்கலில் அது 16 வாற்று வெப்பம், வால்வின் அனோட்டு எல்லையோ 25.

அளவெட்டி தெட்சணாமூர்த்தியைப் போன்ற மேதையின் தவில் ஒலிவாங்கிக்கு முன்னால் முழங்கும் சமயத்தில் இவ்வித்தையின் குணதோஷம் சபைக்கே வெளியாகிவிடும். சங்கீதம் தெரியாத கம்மியனும் அப்போது விமரிசகனாவான்.

டிரான்சிஸ்டர் வந்தபின் வால்வு ஒதுங்கியது இயல்பே. 1990இல் யுத்தம் குடாநாட்டின் மின்சாரத்தை அறுத்தபோது ஜனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி டிரான்சிஸ்டர் வானொலியில் செய்தி கேட்டார்கள். அந்த டைனமோ தருவது 3 வாற்று, ஓர் இ.எல். 34இன் இழையைச் சூடாக்குவதற்கு மட்டுமே ஒன்பதரை வாற்று வேண்டும்.