விடை சொல்லும் ஆள் யார்? சிறுமுதலீட்டு அறிவியல் திகில் படங்களும் புதுச்சேரியும்

சிறுமுதலீட்டு அறிவியல் திகில் படங்களில் பலதரப்பு மனிதர்களுக்கு இடமில்லையே என்று கேட்டால், பட்ஜெட்டைக் காரணம் காட்டுவது வழக்கம். அந்தக் காரணம் செல்லாது. 1968இல் ஜார்ஜ் ரொமெரோ ஏறத்தாழ 1,14,000 டாலரில் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தின் நாயகன் பென். நடித்தவர் கறுப்பினத்தவரான டுவேன் ஜோன்ஸ். வசனத்தில் நிறம் பற்றிய பேச்சே வராது. சன்னலுக்குப் பலகை அடிப்பதும், எழுந்து வரும் பிணங்கள் தீக்கு அஞ்சுவதைப் பயன்படுத்துவதும் பென்தான். பிணங்களிடம் தப்பியவனைக் கடைசியில் ஷெரீப்பின் ஆட்கள் சுட்டுத் தள்ளுகிறார்கள். நட்சத்திரத்தை வைத்து எடுத்திருந்தால் இந்த முடிவுக்குத் துணிச்சல் வந்திருக்குமா என்பது ஐயமே.

எனவே தலைகளை எண்ணிப் பயனில்லை. அச்சத்துக்கு விளக்கம் தேடும் உரிமை கதையில் யாருக்கு, சோதனைக்கு உள்ளாகும் உடல் யாருடையது என்றே கேட்க வேண்டும்.

ஹரி ஷங்கர், ஹரீஷ் நாராயண் இயக்கிய 'அம்புலி' (2012) இந்தக் கேள்விக்கு நல்ல சான்று. தமிழின் முதல் ஸ்டீரியோஸ்கோபிக் 3டி படமாக விளம்பரம் பெற்ற அது, சோளக்காட்டையும் இருட்டையும் கொண்டே பயமுறுத்தியது. சிக்கனத்தில் தேர்ச்சிதான். ஆனால் ஊரை அச்சுறுத்தும் அம்புலி என்ற உருவம் பிறந்தது, கருவுற்ற கிராமத்துப் பெண் மீது நடந்த மருத்துவச் சோதனையால். அறிவு டாக்டரிடம்; வயிறு அவளுடையது; ஊருக்கு மிஞ்சியது பயமும் வதந்தியும்.

'சூப்பர் டீலக்ஸ்' (2019) திகில் படமன்று. ஆனாலும் இங்கே பொருந்தும். மிருணாளினி ரவி நடித்த வேற்றுக்கிரகப் பெண் பக்கத்து வீட்டுப் பெண் போலவே வருகிறாள், எல்லாம் அறிந்தவளாக. அதே படத்தில் திருநங்கை ஷில்பாவுக்கு வாய்த்தது அவமானமும், குழந்தைக் கடத்தலுக்குத் துணைபோன குற்றவுணர்வும். அந்த வேடமும் விஜய் சேதுபதிக்கே போனது. வேற்றுக்கிரகத்தாருக்குக் கிடைத்த மரியாதை திருநங்கைக்குக் கிடைக்கவில்லை என்பேன்.

புதுச்சேரிக்கு வருவோம். 'டிடி ரிட்டர்ன்ஸ்' (2023) என்ற பேய் நகைச்சுவைப் படம் இந்த ஊரைக் களமாக்கியது. ஊர் கொடுத்தது ஒரு பங்களா. பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர், காகிதப்பூ, டூமா வீதி: கேமராவுக்கு இவை போதும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த கறுப்பு நகரமோ, கடலோரம் சற்று வடக்கே போனால் வரும் மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பமோ கண்ணில் படுவதில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் போய்த் திரும்பியவர்களின் வியட்நாமிய மனைவியரும் பிள்ளைகளும் வாழ்ந்த ஊர் இது என்பதும் திரைக்குத் தெரியாது.

இத்தனைக்கும் அறிவியல் திகிலுக்கான கரு இங்கேயே கிடக்கிறது. இங்குள்ள ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் முன்னோடி, பிரெஞ்சு ஆட்சி 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி. ஆளும் இனத்தின் மருத்துவம், ஆளப்பட்டவரின் உடல், இரண்டுக்கும் நடுவில் அதே மருத்துவத்தைக் கற்ற உள்ளூர்க்காரர். இந்த மூன்றையும் காட்ட கிராஃபிக்ஸ் செலவு எதற்கு?

கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் புதுச்சேரி இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேய்க்குப் பங்களா பார்க்கும் முன், புதிரை அவிழ்க்கும் ஆளை வைத்திக்குப்பத்தில் தேடுங்கள்.